திட்டப்படி பதினான்காவது

எங்கள் மாகாணத்தில் பனிச்சறுக்குப் பந்தயத்தின் முடிவுகள் நவம்பரிலேயே வந்துவிடும். பந்தயம் மார்ச்சில் நடக்கும்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மர ஆலை எத்தனை கன மீட்டர் பலகை அறுக்கும் என்பது ஆண்டு தொடங்கும் முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. பண்ணை மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்பது மாட்டுக்குத் தெரிவதற்கு முன் கமிட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு பெண் பத்துக் கிலோமீட்டர் பனியை எத்தனை நிமிடத்தில் கடப்பாள் என்பதை மட்டும் அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட முடியுமா? ஆகவே தெம்னபோர் மாகாண விளையாட்டுக் கமிட்டி ஒவ்வொரு நவம்பரிலும் இருபத்து நான்கு பெண்களைக் கூப்பிடும். யார் எத்தனையாவது இடம், எத்தனை நிமிடம், எத்தனை வினாடி என்று தட்டச்சு செய்த உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கும். பிறகு மார்ச் மாதம் அவர்கள் போய் அதைச் செய்துவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி.

என் பெயர் ப்ரோகோர், பழகியவர்களுக்கு ப்ரோஷா. மர ஆலையின் விளையாட்டுச் சங்கத்தில் சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு பூசுகிறவன். பத்தொன்பது வருடம் பூசினேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் ஒன்று வரும், அங்கே நான் திறக்கவில்லை.

எங்கள் சங்கத்தில் பந்தயத்துக்குப் போகிற பெண் ஒருத்திதான். ரிம்மா. இருபத்து மூன்று வயது. அறுவைப் பட்டறையில் ரம்பத்துக்குக் கட்டை தள்ளிக்கொண்டிருந்தவள். இடது கையின் சுண்டுவிரலை ரம்பம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு ரம்பத்தின் சத்தம் கேட்டாலே அவளுக்கு வாய் உலர்ந்துபோகும். அணியில் இருக்கும்வரை பட்டறைக்குப் போக வேண்டாம் என்பது ஆலையின் விதி. பயத்தில் ஓடுகிறவளை யார் பிடிக்க முடியும்? எங்கள் காட்டில் அவள் வேகத்துக்கு ஆள் கிடையாது.

எழுபத்தேழு நவம்பரில் அவளைக் கமிட்டிக்கு அழைத்துப் போனேன். திட்டப் பிரிவில் ஃபைனா சவேல்யெவ்னா உட்கார்ந்திருந்தாள். தோளில் கம்பளிச் சால்வை, கையில் அளவுகோல். அந்த அளவுகோலை அவள் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"ரிம்மா கொஷுகோவா. பதினாலாவது இடம். முப்பத்தேழு நிமிஷம் நாப்பது வினாடி. இங்க கையெழுத்து."

"நான் இதைவிடக் கொஞ்சம் வேகமா வருவேன்னு நினைக்கிறேனுங்க," என்றாள் ரிம்மா.

"நீங்க நினைக்க வேணாம். பதிமூணாவது இடம் வரைக்கும் ஆள் போட்டாச்சு."

ரிம்மா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ப்ரோஷா மாமா, பதினாலாவதா வர்றதுக்கு எப்படிப் பழகணும்?"

"முன்னாடி பதிமூணு பேரைப் பாத்துக்கிட்டே இருக்கணும் மகளே," என்றேன். வேறென்ன சொல்வது?

திட்டத்தைவிடக் குறைந்தால் பெரிய பயமில்லை. அதற்குப் படிவம் உண்டு, எண் ஏழு. காய்ச்சல், பனிப்புயல், பல்வலி என்று ஏதாவது எழுதலாம். நூற்று மூன்று சதவீதம் வந்தால் கைதட்டுவார்கள். அதற்கும் மேலே போனால் கைதட்ட மாட்டார்கள், கதவைச் சாத்துவார்கள்.

ஜனவரியில் எல்லாச் சங்கங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. மார்ச் பத்தொன்பதாம் தேதி பந்தயத் தடத்தில் பனியின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, எனவே அனைவரும் பச்சை மெழுகு பூச வேண்டும் என்று அதில் இருந்ததாம். இருந்ததாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் அதைப் படிக்கவில்லை. அது வந்த அன்று என் இடது கம்பளிப் பூட்ஸின் அடி ஓட்டையாகிவிட்டது. கமிட்டியின் காகிதம் எப்போதும் கெட்டியாக இருக்கும். மடித்து உள்ளே வைத்தேன். அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது.

மார்ச் பத்தொன்பது விடியும்போதே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பனி கஞ்சி மாதிரி குழைந்துகிடந்தது. இப்படிப்பட்ட பனிக்குப் பிசின் மாதிரி ஒட்டும் சிவப்பு மெழுகுதான் வேண்டும் என்பது கண்ணில்லாதவனுக்கும் தெரியும், தடவினால் போதும். நான் சிவப்பை எடுத்தேன். எனக்கு இரு பக்கமும் மற்ற சங்கங்களின் மெழுகுக்காரர்கள், கழுத்துக்குள் தண்ணீர் சொட்டச் சொட்ட, கடுங்குளிரில் மட்டுமே பிடிக்கும் பச்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லவ்ரெந்தி, பனி உருகுது பாரு," என்றேன் பக்கத்தில் இருந்தவனிடம்.

"உருகுறது அதோட பாடு. எனக்குத் தாள்ல மைனஸ் பதினொண்ணு."

"எந்தத் தாள்?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தன் மெழுகுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தான். அப்போதுதான் பூட்ஸுக்குள் இருந்த காகிதம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் கட்டைகளில் மெழுகு ஏறியாகிவிட்டது. ரிம்மா புறப்பட்டும் போய்விட்டாள்.

முதல் ஏற்றத்திலேயே இருபத்து மூன்று பெண்கள் பின்னோக்கி வழுக்கினார்கள். ஏறுவார்கள், வழுக்குவார்கள், கீழே இருக்கிறவள் மேல் போய் விழுவார்கள். சிலர் கட்டைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் நடுவே ரிம்மா, "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறிப்போனாள். பதிமூன்று பேரை முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொன்னதை அவள் மறக்கவில்லை. எங்கே பார்த்தும் முன்னால் ஒருவரும் இல்லாததால் பயந்துபோய், எல்லோரும் தன்னை விட்டுவிட்டு வெகு தூரம் போய்விட்டார்கள் என்று நினைத்து, இன்னும் வேகமாக ஓடினாள்.

முப்பத்தைந்து நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. முதலிடம். இரண்டாவதாக வந்த ஸோயாவுக்கு முப்பத்தொன்பது ஐம்பது. முடிவுக்கோட்டைத் தாண்டி வந்தவள் மூச்சு வாங்க என்னிடம் கேட்டாள். "எல்லாரும் போயாச்சா மாமா?"

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி.

திட்டப்படி முதலிடம் ஸோயாவுக்கு. பதக்கத்தின் பின்புறம் அவள் பெயர் பொறித்தாகிவிட்டது. அவள் படம் காலைப் பத்திரிகையில் வந்தாகிவிட்டது. கமிட்டித் தலைவர் கப்பித்தோன் லூக்கிச் மேடை ஏறினார். கரடித்தோல் தொப்பி, குளிரில் சிவந்த மூக்கு, கையில் ஜனவரியில் தட்டச்சு செய்த உரை. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் அந்தத் தாளிலும் சொட்டியது.

"தோழர்களே! இன்னைக்கு இந்தக் கடுங்குளிர்ல நம்ம ஸோயா முதல்ல வந்தாங்க. இதை நாங்க நவம்பர்லயே சொன்னோம். நம்ம கிட்ட விளையாட்டுங்கறது அதிர்ஷ்டம் இல்ல. தற்செயல் இல்ல. சொல்லப்போனா விளையாட்டே இல்ல!"

எல்லோரும் கைதட்டினோம். ஸோயா பதக்கத்தை வாங்கிக்கொண்டு, முழங்காலில் காயத்தோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். ரிம்மா மேடைக்குப் பக்கத்தில் பதினான்காவது படியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் கழித்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். நீள மேசை, பச்சைத் துணி, தண்ணீர்க் குவளை. கதவைச் சாத்தினார்கள். கப்பித்தோன் லூக்கிச் வாயே திறக்கவில்லை. எங்கள் ஊரில் அதிகாரி கத்தினால் தப்பித்தோம் என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் தொலைந்தோம் என்று அர்த்தம்.

ஃபைனா சவேல்யெவ்னாதான் ஆரம்பித்தாள். "நவம்பர்ல உங்க கையெழுத்து. முப்பத்தேழு நாப்பது. மார்ச்ல முப்பத்தஞ்சு அம்பத்திரண்டு. நடுவுல ஒரு நிமிஷம் நாப்பத்தெட்டு வினாடி இருக்கு. அதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"ஒளிக்கலீங்க. ஓடினேன். அவ்வளவுதான்," என்றாள் ரிம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"நவம்பர்ல உங்களால முடியாதுன்னு கையெழுத்துப் போட்டீங்க. மார்ச்ல முடிஞ்சிருக்கு. ஒண்ணு அப்போ ஏமாத்தியிருக்கீங்க, இல்லேன்னா இப்போ."

"இனிமே இப்படி நடக்காதுங்க."

கப்பித்தோன் லூக்கிச் தலையைத் தூக்கினார். "நடக்காதா? அப்ப இனிமே முதல்ல வரமாட்டேன்னு இந்த மேசை முன்னாடி சொல்றியா? ஃபைனா சவேல்யெவ்னா, எழுதிக்கங்க."

"இல்லீங்க! வருவேனுங்க!"

"வருவியா? அப்ப இன்னும் ஒளிச்சு வெச்சிருக்க. அதையும் எழுதிக்கங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மெழுகு நீதானே? சுற்றறிக்கை வந்துச்சா?"

"வந்துச்சுங்க தோழர் தலைவரே."

"அதன்படி நடந்தியா?"

"அதை விட்டு ஒரு அடிகூட நகரலீங்க," என்றேன். பொய் இல்லை. அந்த நேரத்திலும் அது என் காலுக்கு அடியில்தான் இருந்தது. ரிம்மா என் காலைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், பூட்ஸுக்குள் நான் அதைத் திணித்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள். பச்சையா சிவப்பா என்று அவளைக் கேட்டார்கள். கவனிக்கவில்லை என்றாள். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளுக்கு அன்றே விடுதலை. காட்டிக்கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தீர்ப்பு இரண்டு பாகமாக வந்தது. வெற்றி ஸோயாவுடையது, ஏனென்றால் அது பத்திரிகையில் வந்துவிட்டது. வினாடிகள் ரிம்மாவுடையவை, ஏனென்றால் அவை கடிகாரத்தில் வந்துவிட்டன. எங்கள் ஊரில் எந்தத் திட்டமும் ஏற்கெனவே எட்டியதிலிருந்துதான் தொடங்கும். எட்டியது எதுவோ அதோடு எட்டு சதவீதம். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். ஃபைனா சவேல்யெவ்னா அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தாள்.

"அடுத்த மார்ச், முப்பத்து மூணு நிமிஷம். அதுக்கடுத்த வருஷம் முப்பது நிமிஷம் எட்டு வினாடி. வருஷா வருஷம் நூத்தி எழுபத்திரண்டு வினாடி குறையும்."

ரிம்மா அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து போனாள். கோடு தாளின் அடிக்கு வந்து, அடியையும் தாண்டிக் கீழே போனது. "இங்க என்னங்க ஆகுது?"

"அது தொண்ணூத்தொண்ணாம் வருஷம். நீங்க கிளம்புறதுக்கு எண்பத்து நாலு வினாடி முன்னாடியே வந்து சேர்ந்துடுவீங்க."

"அது எப்படீங்க முடியும்?"

கப்பித்தோன் லூக்கிச் எழுந்து நின்றார். "முடியாதுங்கற வார்த்தையை இங்க யாரும் சொல்றதில்ல. தொண்ணூத்தொண்ணுல எது இருக்குமோ இல்லையோ, நம்ம திட்டம் இருக்கும்!" பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "இத பாரு பொண்ணே. நான் கல் இல்ல. அடுத்த வருஷம் முப்பத்து மூணுல வா. ரெண்டு வருஷத்து வெற்றியையும் உன் பேர்லயே எழுதிடறேன். வரலேன்னா ரம்பத்துக்குப் போ. ஆலையில கைக்குப் பஞ்சம்."

ரிம்மா இடது கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

அந்த ஒரு வருடம் அவள் எப்படி இருந்தாள் என்று கேட்காதீர்கள். கோடையில் காட்டுப் பாதையில் சறுக்கு ஊன்றுகோல்களோடு ஓடினாள். இலையுதிர் காலத்தில் சேற்றில் ஓடினாள். சாப்பாட்டுக் கூடத்தில் கோதுமைக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு வாய்க்குள் வினாடிகளை எண்ணுவாள். வாரத்துக்கு ஒருமுறையாவது மெழுகு அறைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்பாள்.

"மாமா, முப்பத்து மூணுல யாராவது வந்திருக்காங்களா?"

"ஆம்பளைங்க வந்திருக்காங்க மகளே. நல்ல பனியில."

"நான் இறந்துடுவேன் மாமா."

"வாயைக் கழுவு," என்று சொல்லி, கெட்டது பலிக்காமலிருக்க மரத்தை மூன்று தரம் தட்டுவேன். எனக்கும் பயம்தான்.

நவம்பரில் உறுதிமொழித் தாள்கள் கையெழுத்தாயின. பிப்ரவரியில் செய்தி வந்தது, பந்தயத்தைப் பார்க்கத் தலைநகரிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வருகிறாராம். அன்றிலிருந்து கப்பித்தோன் லூக்கிச்சுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் காலை அவரே காட்டுக்கு வந்தார். தடத்தை அளக்கிற ஐம்பது மீட்டர் கயிற்றைக் கேட்டார். அதன் ஒரு முனையில் அரசாங்க ஈய முத்திரை தொங்கும்.

"குளிர்ல கயிறு சுருங்கும். தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"விஞ்ஞானம். படிக்கணும்." முத்திரை இல்லாத முனையில் ஐந்தரை மீட்டரை வெட்டி எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "இப்ப அள. முத்திரை சரியா இருக்கா? இருக்கு. அப்ப இது அம்பது மீட்டர்தான்."

நான் அளந்தேன். பத்துக் கிலோமீட்டர் வந்தது. நடந்து பார்த்தால் ஒன்பதுக்கும் குறைவு. ரிம்மாவிடம் அன்றே சொன்னேன். அவள் முகத்தில் ஒரு வருடத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. முப்பத்து மூன்று இப்போது அவள் கைக்கு எட்டும். நான் ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"மாமா. மத்தவங்க?"

அதை நான் யோசிக்கவே இல்லை. கப்பித்தோன் லூக்கிச்சும் யோசிக்கவில்லை. போன வருடம் பச்சை மெழுகில் வழுக்கி விழுந்து நாற்பதும் நாற்பத்து நாலும் எடுத்தவர்கள் அந்த இருபத்து மூன்று பேர். அவர்களுக்கு இந்த வருடத் திட்டம் அதிலிருந்து எட்டு சதவீதம் குறைவு, அவ்வளவுதான். குறுகிய தடத்தில், நல்ல பனியில், கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் திட்டத்துக்கு நாலைந்து நிமிடம் முன்பே வந்துவிடுவார்கள். நாலைந்து நிமிடம் ஒளித்து வைத்தவர்கள் இருபத்து மூன்று பேர்! ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடிக்கு ரிம்மா பட்ட பாட்டை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

தடம் குறுகிய விஷயம் இரண்டே நாளில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. பந்தயத்துக்கு முந்தைய மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்து நான்கு பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கம்பு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, சாவு வீட்டில் பேசுவது போலப் பேசினார்கள்.

"மெதுவாப் போயிடலாமே," என்றாள் ஒருத்தி.

"மெதுவாப் போனா தடத்துல நிக்கற கமிட்டி ஆளு எழுதிடுவான், முயற்சி போதலேன்னு," என்றாள் ஸோயா. "தடத்துல வேகமாத்தான் போகணும். கோட்டுக்கிட்ட நின்னுடலாம். அவங்கவங்க நேரம் வந்ததும் தாண்டிக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பந்தய நாள் காலை, எங்கள் வழக்கப்படி, ஆலைப் பேருந்தில் ஏறும் முன் எல்லோரும் பைகள் மேல் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தோம். பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். அது மூடநம்பிக்கை என்பதால் கமிட்டி அதற்கு நிர்வாக இடைவேளை என்று பெயர் வைத்திருந்தது. ஒரு நிமிடம் முடிந்தும் ரிம்மா எழுந்திருக்கவில்லை. நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

அவள் எண் ஒன்பது. பெண்கள் முப்பது வினாடிக்கு ஒருவராகக் கிளம்புவார்கள். முதல் பெண் பெரிய கடிகாரத்தில் அரை நிமிடம் ஆனதும், ரிம்மா நாலரை நிமிடம் ஆனதும். அப்படியானால் கடிகாரம் முப்பத்தேழரை காட்டும்போது அவள் கோட்டைத் தாண்டினால் முப்பத்து மூன்று. நூறு தடவை சொல்லிக் கொடுத்தேன். நூறு தடவையும் திருப்பிச் சொன்னாள்.

பனி அன்று அருமையாக இருந்தது. மிதமான குளிருக்கு நீல மெழுகு; என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பூசியதில்லை. ரிம்மா காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தபோது அவள் ஓட்டத்தைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. கடிகாரம் முப்பத்தாறு இருபது. இன்னும் ஒரு நிமிடம் பத்து வினாடி இருக்கிறது. கோட்டுக்குப் பத்து மீட்டர் முன்னால் ஏற்கெனவே ஏழெட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவளும் நின்றாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்து வந்து நின்றார்கள். மூச்சு புகை புகையாக மேலே போனது. குளிருக்குக் கால்களைத் தட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, உதடுகள் அசைய அத்தனை பேரும் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலைநகர் மேற்பார்வையாளர் கப்பித்தோன் லூக்கிச்சிடம் கேட்டார். "இது என்ன? ஏன் நிக்கறாங்க?"

கப்பித்தோன் லூக்கிச்சின் முகம் வெளுத்துப்போனது. ஆனால் மனிதருக்கு வாய் இருந்தது.

"ஒழுங்கு, தோழரே! மத்த மாகாணத்துல பாருங்க, கோட்டைக் கண்டதும் மாடு மாதிரி விழுந்தடிச்சு ஓடுவாங்க. எங்க பொண்ணுங்க சொன்ன நேரத்துக்குத்தான் வருவாங்க. ஒரு வினாடி முன்னாடி வான்னு கெஞ்சினாலும் வரமாட்டாங்க. அந்த அளவுக்கு வளர்த்திருக்கோம்!"

மேற்பார்வையாளர் கையுறையைக் கழற்றினார். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "இதை மத்த இடத்துக்கும் கொண்டுபோகணும்," என்றார்.

கடிகாரம் முப்பத்தேழு. ரிம்மா என் பக்கம் பார்த்தாள். அந்தக் கண்களில் நான் கண்டதை எப்படிச் சொல்வேன்? கணக்கு போய்விட்டது. பயத்தில் அவளுக்குக் கணக்கு மொத்தமாக அழிந்துபோய்விட்டது. நாலரையைக் கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா? கையுறைக்குள் விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். இடது கையில் சுண்டுவிரலின் இடம் காலியாகத் தொங்கியது. அங்கே வந்ததும் எண்ணிக்கை நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"ஸோயா, எனக்கு எப்போ?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"பேசாதடி! என் கணக்கு போயிடும்!" என்றாள் ஸோயா, கண்ணில் தண்ணீரோடு.

முப்பத்தேழு இருபது. நான் மேற்பார்வையாளருக்கு நாலடி பின்னால் நின்றிருந்தேன். "போ!" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம், கையை ஆட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் திரும்பிப் பார்ப்பார்கள். இவனுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். கயிறு வரும், சுற்றறிக்கை வரும், பூட்ஸைக் கழற்றச் சொல்வார்கள். கடிகாரம் முப்பத்தேழரையைக் காட்டியது. பிறகு அதைத் தாண்டிப் போயே போய்விட்டது. நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வினாடியில் கோட்டைத் தாண்டினார்கள். கடைசியில் பக்கத்தில் நின்ற ஒருத்தி கிளம்பியபோது, எதற்கும் இருக்கட்டும் என்று ரிம்மாவும் கூடவே கிளம்பினாள். அந்தப் பெண்ணின் நேரம் அது. ரிம்மாவுக்கு அது முப்பத்தேழு நிமிடம் நாற்பது வினாடி. நேரங்களை வரிசைப்படுத்தியபோது பதினான்காவது இடம்.

கப்பித்தோன் லூக்கிச் அவளை நோக்கி வந்த வேகத்தைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். திட்டு விழும் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், ஃபைனா சவேல்யெவ்னா நடுவில் நின்று அவருக்கு ஒரு பழைய தாளைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க. பதினாலாவது இடம். முப்பத்தேழு நாப்பது. வினாடிகூடப் பிசகல. எழுபத்தெட்டாம் வருஷத் திட்டம் நூறு சதவீதம் நிறைவேறிடுச்சு. ஒரு வருஷம் தாமதம், அவ்வளவுதான்."

பத்தொன்பது வருடத்தில் ஃபைனா சவேல்யெவ்னாவின் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அவள் போட்ட திட்டம் அச்சு அசலாக நடந்தது அன்றுதான் முதல்முறை. கப்பித்தோன் லூக்கிச் ரிம்மாவை மேற்பார்வையாளர் முன்னால் கட்டிப்பிடித்து, வழக்கப்படி கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார். மாலைக்குள் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. எழுபத்தெட்டுத் திட்டம் நிறைவேறிவிட்டதால், எழுபத்தெட்டில் வேறு முடிவு இருக்க நியாயமில்லை. முப்பத்தைந்து ஐம்பத்திரண்டு என்பது கடிகாரத்தின் பழுது என்று எழுதி, முத்திரை குத்தி, கோப்பைக் கட்டினார்கள். முப்பத்து மூன்றும் அதோடு போயிற்று.

ரிம்மாவை ரம்பத்துக்கு அனுப்பவில்லை. அவள் மாகாணத்தின் நிரந்தரப் பதினான்காவது ஆனாள். இன்னும் ஏழு வருடம் ஓடினாள். ஏழு வருடமும் கோட்டுக்கு முன்னால் நின்று, நேரம் வந்ததும் தாண்டினாள். ஏழு தடவையும் பதினான்காவது. பத்திரிகையில் அவளைப் பற்றி 'நிலைத்தன்மை' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. பள்ளிகளுக்குக் கூட்டிப்போய்ப் பேச வைத்தார்கள். எனக்குத் தெரிந்து அவளைவிட வேகமான பெண் எங்கள் பக்கத்துக் காடுகளில் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

கடைசிப் பந்தயம் முடிந்த மறுநாள் காலை கட்டைகளைத் திருப்பிக் கொடுக்க மெழுகு அறைக்கு வந்தாள். முன்நெற்றியில் இரண்டு நரைமுடி. ஸ்டூலில் உட்கார்ந்து அடுப்பின் பக்கம் கைகளை நீட்டினாள்.

"மாமா, ஒண்ணு கேக்கவா? அந்த முதல் வருஷம். பனி உருகின அன்னைக்கு. நான் ஜெயிச்சேன்தானே?"

நான் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினேன்.

"எல்லாரும் கடிகாரம் பழுதுங்கறாங்க. பள்ளிக்கூடத்துல நானே அப்படித்தான் சொல்றேன். சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சரியா ஞாபகம் இல்ல. உங்களுக்குத் தெரியும்ல?"

நான் எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். மெழுகுப் பெட்டி மேல் உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றினேன். புது பூட்ஸ்தான், ஆனால் அந்தக் காகிதத்தை ஒவ்வொரு பூட்ஸுக்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெளியே எடுத்து விரித்தேன். நடுவில் தேய்ந்துபோய், என் குதிகாலின் வடிவத்தில் ஒரு பள்ளம். ஆனாலும் பச்சை மெழுகு என்பதும், மார்ச் பத்தொன்பது என்பதும், கமிட்டி முத்திரையும் தெரிந்தன.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தாள். ஒன்பது விரலாலும் தடவிப் பார்த்தாள். மறுபடி படித்தாள். நாங்கள் சிவப்பு பூசினோம். அவர்கள் இதைப் பூசினார்கள். அப்படியானால் அவர்கள் வழுக்கினார்கள், அவள் ஏறினாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பி வந்தது.

"வாயைத் தொறந்து ஒரு தடவை சொல்லுங்க மாமா," என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. நான் அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, பூட்ஸுக்குள் வைத்து, அதன் மேல் காலை வைத்து நின்றுகொண்டேன்.